இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வாங்க வேண்டிய விளக்கு: இருண்ட மாதங்களின் மனச்சோர்வுக்கான ஒளிப்பெட்டிகள், ஒரு மதிப்பீடு

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '10,000 லக்ஸ்' என்று போட்டிருக்கும். லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. அந்த 10,000 எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சில விளக்குகளில் அதுவும் இருக்காது. பகல் சுருங்கச் சுருங்க மனமும் சுருண்டுபோகிறவர்களுக்கென்று விற்கப்படும் விளக்குகளில் உதவுவது எது, உதவாதது எது என்று பிரித்துக் காட்டுவது அந்தத் தூரம்தான். நிறம், வடிவம், தொடு பொத்தான், கைபேசிச் செயலி எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே நான்கு வகைகளைப் பார்க்கிறோம்: மேசையில் நிற்கும் பெரிய ஒளிப்பெட்டி, டேப்லெட் அளவிலான சிறிய விளக்கு, விடியல் போல மெல்ல வெளிச்சம் ஏறும் அலாரம் விளக்கு, மூக்குக்கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் ஒளிக்கண்ணாடி. எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேசையில் இடமும் காலையில் அரை மணி நேரமும் இருந்தால் பெரிய பெட்டியை வாங்குங்கள். படுக்கையை விட்டு எழவே முடியாதவர்கள் அதோடு ஒரு விடியல் விளக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். சிறிய விளக்கைப் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்; காரணம் கீழே கணக்கோடு இருக்கிறது.

யாருக்கு இந்த விளக்கு

பருவகால மனச்சோர்வு என்ற பெயரோடு இந்த நோயை முதலில் விவரித்தவர்கள் நார்மன் ரோசன்தாலும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் அவருடன் பணியாற்றியவர்களும். ஆண்டு 1984. வழக்கமான மனச்சோர்வில் தூக்கம் கெடும், பசி அடங்கிவிடும். குளிர்காலத்தில் வருவதில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை என்றிருக்கும். இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் கை தேடும், எடை ஏறும். கைகால் ஈயக்குண்டு கட்டினாற்போல் கனக்கும். ஆட்களைப் பார்க்கவே பிடிக்காமல் அறைக்குள் ஒடுங்கத் தோன்றும். பகல் நீளத் தொடங்கியதும் இதெல்லாம் தானாக வடிந்துவிடும். தொடர்ந்து 2 ஆண்டுகளாவது இதே காலத்தில் வந்து இதே போல விலகினால்தான் மருத்துவர்கள் இதைப் பருவத்தோடு முடிச்சுப் போடுவார்கள். அந்த அளவுக்குப் போகாத இலேசான மந்தநிலையும் உண்டு. அதற்கும் இதே விளக்கைத்தான் பலர் வாங்குகிறார்கள்.

கோடையில் மனம் சரிகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தூக்கமின்மையும் படபடப்பும்தான் முன்னால் நிற்கும். இந்த மதிப்பீடு அவர்களுக்கானது அல்ல.

வெளிச்சம் எப்படி மருந்தாகிறது என்பதற்கு இரண்டு கண்டுபிடிப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். உடலுக்கு இரவை உணர்த்தும் ஹார்மோனான மெலடோனின் மனிதர்களுக்கு இரவில் சுரப்பதை மிகப் பிரகாசமான வெளிச்சம் அடக்கிவிடும் என்று ஆல்ஃபிரட் லூவியும் குழுவினரும் 1980இல் காட்டினார்கள். அறை விளக்கின் வெளிச்சத்தில் அது நடக்கவில்லை. 2,500 லக்ஸ் தேவைப்பட்டது. பிறகு 2002இல், காட்சிக்காக இல்லாமல் நேரடியாக வெளிச்சத்தை உணர்ந்து உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் நரம்பணுக்கள் விழித்திரையில் இருப்பது உறுதியானது. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்குத்தான் அதிகம் இணங்கும். ஆக, வெளிச்சம் கண் வழியாகத்தான் போக வேண்டும். தோலில் பட்டால் இந்த வேலை நடக்காது. கண்ணை மூடிக்கொண்டு விளக்கின் முன் படுத்திருப்பதாலும் பயனில்லை.

10,000 என்ற எண்ணும் அதன் தூரமும்

முதலில் ஓர் ஒப்பீடு. மாலையில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். நல்ல அலுவலக அறையில் 500. மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். உச்சி வெயில் 1,00,000. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறைக்கும் வெளிக்கும் இத்தனை மடங்கு வித்தியாசம் இருப்பது நமக்கு உறைப்பதே இல்லை. 'இந்த அறை நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்று நினைத்து ஏமாறுவது இதனால்தான்.

ஆரம்பகாலச் சிகிச்சையில் 2,500 லக்ஸில் 2 மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதை 10,000 லக்ஸில் 30 நிமிடமாகச் சுருக்க முடிந்த பிறகுதான் இது அன்றாட வாழ்க்கைக்கு ஒத்துவந்தது. இடைப்பட்ட 5,000 லக்ஸ் என்றால் 1 மணி நேரம். இந்த எண்கள் எல்லாம் கண்ணில் வந்து விழும் வெளிச்சத்துக்கானவை. விளக்கின் முகப்பில் இருக்கும் வெளிச்சத்துக்கு அல்ல.

இப்போது கணக்கு. 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட ஒரு பெரிய பெட்டி 30 செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியைப் பின்னால் தள்ளி 45 செ.மீ.க்குப் போனால் அது ஏறக்குறைய 5,400 ஆகிவிடும். 60 செ.மீ.யில் 3,300. அதாவது ஒரு சாண் பின்னால் சாய்ந்தாலே மருந்தின் அளவு பாதியாகிறது.

சிறிய விளக்கின் கதை இன்னும் மோசம். 15க்கு 22 செ.மீ. முகப்புள்ள விளக்கு 10 செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ் தந்தால், 30 செ.மீ. தூரத்தில் அது 2,000ஐ ஒட்டித்தான் தரும். 50 செ.மீ. என்றால் 800. வாங்குகிறவர் அதை மடிக்கணினிக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் கழித்து 'ஒளிச்சிகிச்சை எனக்கு ஒத்துவரவில்லை' என்று விட்டுவிடுகிறார். அவர் எடுத்துக்கொண்ட மருந்து சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஒரு காரணத்தால் நல்ல சிகிச்சையைக் கைவிடுகிறவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

கையேட்டில் தூரம் போடவில்லையா? அடாப்டரில் உள்ள வாட் எண்ணைப் பாருங்கள். 30 செ.மீ.யில் 10,000 லக்ஸ் விழ, எல்லாப் பக்கமும் பரவலாக ஒளி வீசும் ஒரு சிறிய தட்டிலிருந்துகூடக் குறைந்தது 2,800 லூமென் (விளக்கு வெளியே விடும் மொத்த ஒளியின் அலகு) வெளியே வர வேண்டும். பெரிய தட்டு என்றால் 4,000க்கு மேல். ஒளியைப் பரப்பும் திரையில் ஒரு பங்கு வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், எல்இடி விளக்குக்கு 25 முதல் 30 வாட் இல்லாமல் இது ஆகாது. யூஎஸ்பி வயரில் 10 வாட் எடுத்துக்கொள்ளும் விளக்கு 30 செ.மீ.யில் 10,000 லக்ஸ் தருகிறது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பெரிய பெட்டி

அழகு என்று சொல்ல முடியாது. மேசையில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஆய்வுகளில் சோதிக்கப்பட்டது பெரும்பாலும் இந்த வகைதான், பலன் கண்டதும் இதில்தான். முகப்பு பெரிதாக இருப்பதன் அருமை இரண்டு நாளில் புரிந்துவிடும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும், பக்கம் புரட்டக் குனிந்தாலும் கண் வெளிச்சத்தை விட்டு விலகாது. அதே 10,000 லக்ஸை 30 செ.மீ.யில் தர, 15க்கு 22 செ.மீ. தட்டு பெரிய தட்டைவிட மூன்று மடங்கு கூச வேண்டியிருக்கும். கண் கூசினால் யாரும் நாள் தவறாமல் உட்கார மாட்டார்கள்.

கேரெக்ஸ் நிறுவனத்தின் டே-லைட் கிளாசிக் பிளஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம். 12 அங்குலத் தூரத்தில் 10,000 லக்ஸ் என்று தூரத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். உயரமான காலில் நின்று, முகப்பு கீழ்நோக்கிச் சாயும். அந்தச் சாய்வை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. மெலடோனினை அடக்குவதில் அந்தப் பகுதிக்குத்தான் வலு அதிகம். வானம் தலைக்கு மேலே இருப்பதற்கு நம் கண் பழகிய விதம் அது. மேசையோடு மேசையாகக் கிடக்கும் விளக்கு இந்த வாய்ப்பை இழந்துவிடுகிறது. தாழ்வாக உள்ள பெட்டியைத்தான் வாங்கினீர்கள் என்றால் அடியில் நாலு தடித்த புத்தகங்களை வைத்து உயர்த்துங்கள். விளக்கின் நடுப்பகுதி புருவத்துக்குச் சற்று மேலே வர வேண்டும்.

நிறத்தைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுகிறார்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடக் கூட நீலம் கூடும். 4,000 கெல்வின் அளவிலான வெள்ளை ஒளியே போதுமானது. 6,500 கெல்வின் விளக்கில் அதே லக்ஸுக்கு நீலம் கூடுதலாக இருக்கும், உடல் கடிகாரத்தை எட்டும் பங்கும் கூடும். ஆனால் 10,000 லக்ஸில் அந்தக் கூடுதலுக்கு அவசியம் இல்லை, கூச்சம்தான் மிஞ்சும். 'முழு நிறமாலை' என்ற வாசகத்துக்கு இந்தச் சிகிச்சையில் பொருள் எதுவும் இல்லை. 'வைட்டமின் டி தரும்' என்று எழுதியிருந்தால் விளக்கை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வைட்டமின் டி உருவாகத் தோலில் புறஊதாக் கதிர் பட வேண்டும். மனச்சோர்வு விளக்கில் அந்தக் கதிர் இருக்கவே கூடாது, வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். தோலைக் கருக்கவும் தோல்நோய்க்கும் விற்கப்படும் புறஊதா விளக்குகளை இதற்குப் பயன்படுத்தினால் கண்ணுக்குக் கேடு.

சில பெட்டிகளில், காற்றில் எதிர்மின்னேற்றத் துகள்களை விடும் எதிர்மின் அயனிக் கருவியும் சேர்த்து விற்கிறார்கள். அயனிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது மிக அதிக அடர்த்தியில் மட்டும்தான். குறைந்த அடர்த்தியை ஒப்பீட்டுக்கான போலிச் சிகிச்சையாகத்தான் வைத்திருந்தார்கள். அடர்த்தியைச் சொல்லாத அயனிப் பொத்தானுக்கு எந்த மதிப்பும் தராதீர்கள்.

பார்க்க வேண்டிய சான்றுகள் இரண்டு. ஒளியினால் கண்ணுக்கும் தோலுக்கும் வரும் ஆபத்தைச் சோதிக்கும் ஐஇசி 62471 தரநிலையின்படி சோதித்ததாகக் கையேடு சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் விற்கப்படும் விளக்கு என்றால் சிஇ முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வெளி அமைப்பு ஒன்று பரிசீலித்த மருத்துவ உபகரணம் என்று அர்த்தம். வெறும் சிஇ மட்டும் என்றால் தயாரிப்பாளரே போட்டுக்கொண்டது.

மினுக்கலைக் கண்டுபிடிக்க ஒரு பென்சில்

தலைவலிக்காக விளக்கைத் திருப்பித் தருகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் கண்ணுக்குத் தெரியாத மினுக்கல். மலிவான மின்சுற்று, வெளிச்சத்தைக் குறைப்பதற்காக எல்இடியை விநாடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து எரிய வைக்கும். கண் அதைத் தொடர்ச்சியாகவே பார்க்கும். தலை மட்டும் நோகும்.

இதைப் பிடிக்க ஒரு பென்சில் போதும். அறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள். விளக்கின் முகப்புக்கு முன்னால் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் விளக்கு நல்லது. தனித்தனிப் பென்சில்கள் வரிசையாக நிற்பது போல, சீப்பின் பற்கள் மாதிரி தெரிந்தால் மினுக்கல் இருக்கிறது. முழு வெளிச்சத்தில் ஒரு தடவையும், பாதியாகக் குறைத்து ஒரு தடவையும் செய்து பாருங்கள். சில விளக்குகள் முழு வெளிச்சத்தில் தேறிவிடும், குறைத்ததும் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டதை முழு வெளிச்சத்தில் மட்டும் பயன்படுத்தலாம். அளவைத் தூரத்தால் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய குழல்விளக்குப் பெட்டி கிடைத்தால், மின்னணு சோக் உள்ளதா என்று கேளுங்கள். குழல்கள் நாளாக நாளாக மங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சிறிய விளக்கு

பியூரர் டிஎல் 30 போன்ற விளக்குகள் இந்த வகை. 10,000 லக்ஸ் 10 செ.மீ. தூரத்தில் என்று அந்த நிறுவனமே ஒளிக்காமல் சொல்கிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும், ஆனால் 10 செ.மீ. என்றால் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த நெருக்கத்தில் முகத்தை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு எதையும் படிக்க முடியாது. 25 செ.மீ.க்கு நகர்த்தினால் ஏறக்குறைய 2 மணி நேரம் தேவைப்படும். ஊர் ஊராகப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்ள, கொஞ்ச நாளைக்குக் கை கொடுக்க, இது சரி. முழுக் குளிர்காலத்துக்கும் இதையே நம்பி இருக்க வேண்டாம்.

விடியல் விளக்கு

இதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. 300 லக்ஸ் மட்டும் தரும் அலாரம் எப்படி 10,000 லக்ஸோடு போட்டி போடும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் டேவிட் அவெரியும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அதிகாலை 4:30க்குத் தொடங்கி 6 மணிக்கு 250 லக்ஸை எட்டும் விடியல் ஒளி, 6 மணிக்கு எழுந்து 10,000 லக்ஸ் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்ததைவிட நல்ல பலன் தந்தது. தூங்கும்போது மூடிய இமை வழியாகவும் கொஞ்சம் ஒளி உள்ளே போகும். விடியற்காலையில் உடல் கடிகாரம் அந்தச் சிறு ஒளிக்கும் செவி சாய்க்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே விடியல் 90 நிமிடம் நீண்டது. கடையில் கிடைக்கும் விளக்குகளில் அவ்வளவு நேரம் கிடைப்பது அரிது. பிலிப்ஸின் எச்எஃப்3520 மாடலில் 20 முதல் 40 நிமிடம் வரைதான் வைக்க முடியும், உச்சம் 300 லக்ஸ். அதனால் ஆய்வில் கண்ட பலன் முழுதும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டோம். ஆனால் எழும்போதே தலை கல்லாகக் கனப்பது குறையும்; எழுந்து போய்ப் பெரிய பெட்டியின் முன் உட்காரவாவது முடியும். அந்த ஒன்றுக்காகவே இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் நேரத்தை அதிகபட்சத்தில் வையுங்கள். விளக்கைத் தலைமாட்டில் 40 முதல் 50 செ.மீ. தூரத்தில், முகம் திரும்பிப் படுக்கும் பக்கமாக வையுங்கள். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு இதனால் பயன் இல்லை.

ஒளிக்கண்ணாடி

லூமினெட் 3 கண்ணாடியில் புருவத்துக்கு மேலிருந்து, 468 நானோமீட்டரில் உச்சம் கொள்ளும் நீலம் கலந்த வெள்ளை ஒளி 1,500 லக்ஸ் வரை விழுகிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ரீ-டைமர் 500 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பயன்படுத்துகிறது. தூரப் பிரச்சினை இதில் முழுதாகத் தீர்ந்துவிடுகிறது, விளக்கு கண்ணோடு கூடவே வரும். உட்கார நேரமில்லாத, குழந்தைகளைக் கிளப்பிவிட ஓடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. தூக்க நேரத்தை முன்னுக்குத் தள்ள இவை நன்றாக வேலை செய்யும் என்பது எங்கள் கணிப்பு. மனச்சோர்வுக்கென்று பார்த்தால் பெரிய பெட்டிக்குள்ள அளவு சான்று இவற்றுக்கு இல்லை. பெட்டி ஒத்துவராதவர்களுக்கு இரண்டாவது வழியாக வைக்கலாம்.

எப்படிப் பயன்படுத்துவது

விளக்கு வந்ததும் மேசையில் வைத்து, வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்காருங்கள். இஞ்ச் டேப்பின் ஒரு முனையைக் கண்ணின் வெளி ஓரத்திலும் மறு முனையை விளக்கின் முகப்பிலும் பிடித்து அளக்க, கூட ஒருவர் இருந்தால் நல்லது. கையேடு சொல்லும் தூரத்துக்கு விளக்கை நகர்த்திவிட்டு, அதன் கால் நிற்கும் இடத்தில் மேசையில் ஒரு ஒட்டுநாடாத் துண்டு ஒட்டிவிடுங்கள். தினமும் அளக்க வேண்டியதில்லை.

நேருக்கு நேர் வெறிக்க வேண்டாம். கடிகார முகப்பில் 10க்கும் 11க்கும் நடுவே, அல்லது 1க்கும் 2க்கும் நடுவே உள்ள திசையில் விளக்கை வைத்து, முன்னால் உள்ள புத்தகத்தையோ தட்டையோ பாருங்கள். 45 டிகிரி விலகினால் கண்ணில் விழும் ஒளி பத்தில் மூன்று பங்கு குறையும், அது பரவாயில்லை. முழுதாகப் பக்கவாட்டில் வைத்தால் ஏறக்குறைய எதுவுமே கண்ணில் சேராது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருந்தால், திரையின் மேல் ஓரத்தில் உள்ள உணரியைக் கண் இருக்கும் இடத்தில் பிடித்து விளக்கை நோக்கிக் காட்டுங்கள். அந்த எண்ணைச் சத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பிழை நிறைய வரும். 'இந்த இடத்தைவிட அந்த இடம் இரண்டு மடங்கு' என்று ஒப்பிட மட்டும் அது உதவும். மஞ்சள் நிறமேறிய நீல வடிகட்டிக் கண்ணாடியையும் குளிர்க்கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். சாதாரணப் பவர் கண்ணாடி இருக்கலாம்.

நேரம்தான் இரண்டாவது பெரிய விஷயம். தினமும் விழிக்கும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், நாள் தவறாமல், விடுமுறை நாளிலும். முதல் 3 நாள் 10 முதல் 15 நிமிடம், கண்ணும் தலையும் பழகியதும் 30 நிமிடம். சீக்கிரம் குணமாகட்டும் என்று நடுராத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி எழுந்து உட்காருவது ஆபத்தான தவறு. நம் உடல் வெப்பம் வழக்கமாக விழிப்பதற்கு 2 முதல் 3 மணி நேரத்துக்கு முன்னால் மிகக் கீழே இறங்கும். அந்தப் புள்ளிக்கு முன்பு படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதற்குப் பின்பு படுவது முன்னுக்கு இழுக்கும். 8 மணிக்கு விழிக்கிறவர் 4 மணிக்கே விளக்கைப் போட்டால், காலை இன்னும் கடினமாகும். மாலையில் போட்டால் தூக்கம் தள்ளிப்போகும்.

பலன் பெரும்பாலும் 1 முதல் 2 வாரத்தில் தெரியும். முதலில் மாறுவது மனநிலை என்று எதிர்பார்க்காதீர்கள். எழுவது கொஞ்சம் எளிதாகும், பிற்பகல் தூக்கம் குறையும், இனிப்பு வேட்கை தணியும். இரண்டு வாரம் ஆகியும் ஒன்றுமே மாறவில்லையென்றால் முதலில் தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள். தூரம் சரியாக இருந்தால் 45 நிமிடமாக நீட்டுங்கள், அல்லது எழும் நேரத்தையே அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்து அதோடு விளக்கையும் நகர்த்துங்கள். மாறாக, விடியற்காலை 3, 4 மணிக்கே விழிப்பு வந்து தூக்கம் பிடிக்காமல் போனால், கடிகாரம் அளவுக்கு மீறி முன்னால் போய்விட்டது. நிமிடத்தைக் குறைத்து, அரை மணி நேரம் தாமதமாக உட்காருங்கள். இலேசான தலைவலி, கண் உளைச்சல், குமட்டல் சில நாளில் போய்விடும்; போகாவிட்டால் 10 செ.மீ. தள்ளி வைத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

நன்றாக இருக்கிறது என்று நிறுத்தினால் சில நாள்களில் பழைய நிலை திரும்பிவிடும். இந்தத் தவறை ஏறக்குறைய எல்லாரும் ஒருமுறையாவது செய்கிறார்கள்.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது

இருமுனையக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் அது இருக்கிறவர்கள். பிரகாசமான ஒளி அவர்களை மிகைக் கிளர்ச்சிக்குத் தள்ளிவிடலாம். விளக்கைத் தொடங்கிய சில நாளில் தூக்கமே தேவையில்லாதது போன்ற பரபரப்பு, நிற்காத பேச்சு, எண்ணங்கள் ஒன்றை ஒன்று துரத்துவது தென்பட்டால் அன்றே விளக்கை அணைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள், விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்தவர்கள் கண் மருத்துவரின் ஒப்புதலோடுதான் தொடங்க வேண்டும். ஒளியால் தூண்டப்படும் ஒற்றைத் தலைவலியோ வலிப்போ உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டாக்சிசைக்ளின், அமியோடரோன், ஹைட்ரோகுளோரோதயாசைடு, ஐசோட்ரெட்டினாயின் முதலான மருந்துகளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் உடலை ஒளிக்குக் கூசவைக்கும். மருந்துச் சீட்டை எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறவர்கள், சாப்பிடவும் எழவும் முடியாதபடி முடங்கிப்போனவர்கள், விளக்கு வேலை செய்கிறதா என்று இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தனியாகப் போகாமல் நெருங்கிய ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தோடும் நடையோடும் ஒப்பிட்டால்

கனடாவில் 96 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், 8 வாரத்துக்கு 10,000 லக்ஸ் 30 நிமிட ஒளியும் மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்செட்டின் 20 மில்லிகிராமும் ஒரே அளவில் பலன் தந்தன: இரண்டிலும் 67 சதவீதத்தினர் தேறினார்கள். ஆனால் விளக்குக்கு ஒரு குறை உண்டு. அடுத்த ஆண்டுக்கு அது எதையும் சேமித்து வைப்பதில்லை. 2016இல் கெல்லி ரோஹனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளிச்சிகிச்சை எடுத்தவர்களைவிட, பருவகால மனச்சோர்வுக்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சை) எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆண்டுதோறும் இந்த இருட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள், விளக்கை வைத்து இந்த ஆண்டைக் கடந்துகொண்டே அந்தச் சிகிச்சை தரும் உளவியலாளரையும் தேடுங்கள்.

விளக்கே வாங்க முடியாதவர்கள் சோர வேண்டாம். அன்னா விர்ஸ்-ஜஸ்டிஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் வெளியே 1 மணி நேரம் நடந்தவர்கள், 2,800 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். வானம் மூடியிருந்தாலும் போங்கள். வேலைக்குக் கிளம்பும்போதே இருட்டாக இருக்கிற ஆட்களுக்குத்தான் இந்த வழி அடைபட்டுவிடுகிறது, பெட்டி அவர்களுக்குத்தான் மிக அவசியம்.

வாங்குகிறவர்கள் திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கெடுவுக்குள் தூரம், வாட், பென்சில் சோதனை மூன்றையும் முடித்துவிட வேண்டும். பயன்படுத்தும் காலத்தில் வாரம் ஒருமுறை, விளக்கு குளிர்ந்திருக்கும்போது, முகப்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், தூசி படிந்தால் வெளிச்சம் குறையும். காலையில் எழும்போதே வெளியே நன்றாக விடிந்திருக்கும் காலம் வந்ததும் வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். இந்த ஆண்டு மனம் எந்தத் தேதியை ஒட்டி இறங்கத் தொடங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி விளக்கின் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் தேதிக்கு 2 வாரம் முன்னால் விளக்கு மேசைக்கு வந்துவிட வேண்டும்.